வெளிச்சம் இறைத்தல்

டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறி நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அது 57 பாகை உயரத்தில் இருக்கும். லண்டனின் அந்தப் பகலுக்கு எட்டு மணித்தியாலம்கூட இல்லை. இருக்கிற பொழுதையும் பல நாள் முகில் மூடிவிடும். ஹரோவில் ஒரு தோட்டத் துண்டு எடுத்து, அதில் பொலித்தீன் கூடாரம் போட்டு, அந்தக் கூடாரத்தில் பாசி பிடிக்கும்வரை இதெல்லாம் எனக்குப் புவியியல் பாடம். பிறகுதான் வெளிச்சத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும் என்று விளங்கியது.

இந்த நாட்டில் கவுன்சில்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வீட்டுத் தேவைக்கு மரக்கறி செய்கிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும். அலொட்மென்ற் என்பார்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைக்கும் இதற்கு அடித்தளம். பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் பெயர் வந்தபோது ஐயாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முழுத் துண்டு 10 ரொட் என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். ரொட் என்றாலும் பேர்ச் என்றாலும் ஒரே அளவுதான். ஐயா நிலத்தை ஒருமுறை சுற்றி நடந்தார். "பத்துப் பேர்ச். ஒரு பரப்புத் தறை. காணும்" என்றார். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் தோட்டம் செய்தவர் அவர். லண்டனில் அவருக்கு உடனே பிடிபட்ட முதல் அளவு அதுவாகத்தான் இருக்கும்.

உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்சும் வெளியில் நட்டாலே வரும். எங்களுக்கு வேண்டியது கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய், பாகல், முளைக்கீரை. இங்கத்தைய கோடையை நம்பி இவற்றை வெளியில் விட முடியாது. அதனால் கவுன்சிலிடம் அனுமதி வாங்கி, 10 அடி அகலமும் 20 அடி நீளமுமாகக் கூடாரம் போட்டோம். வளைத்த இரும்புக் குழாய்களை வரிசையாக ஊன்றி, அவற்றின்மேல் ஒரே விரிப்பாகப் பொலித்தீனை இழுத்துப் போர்த்தி, இரண்டு ஓரங்களையும் கான் வெட்டிப் புதைக்க வேண்டும். கடைப் பைக்குரிய பொலித்தீன் இதற்கு உதவாது. 200 மைக்ரோன் தடிப்பில், வெயிலுக்கு உக்காமல் இருக்க மருந்து கலந்து வருவதைத்தான் போட வேண்டும். புதிதில் அது பத்தில் ஒன்பது பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

பொலித்தீன் இந்த நாட்டில் பிறந்த பொருள். 1933இல் நோர்த்விச்சில், ஐ.சி.ஐ. கம்பனியின் ஆய்வுகூடத்தில், எரிக் ஃபோசெற்றும் றெஜினால்ட் கிப்சனும் வேறொன்றைத் தேடப்போய் இதைக் கண்டார்கள். பிளாஸ்டிக்கைப் பயிருக்குக் கூரையாக்கிக் காட்டியவர் அமெரிக்கர். 1948இல் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தில் எமெர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடி வீடு கட்டக் காசு போதாமல், மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் தாளை அடித்து உள்ளே பயிர் வைத்தார். காசில்லாதவனின் கண்ணாடி வீடு என்ற அந்தக் குணம் கூடாரத்துக்கு இன்றைக்கும் உண்டு.

ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. "உதுக்குள்ளை காத்துமில்லை, மழையுமில்லை. உது தோட்டமே?" என்று வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு வெளியே வெங்காயப் பாத்திக்குப் போய்விடுவார். அவரில் பிழையில்லை. ஊரில் அவர் வெயிலைத் தடுத்தே பழகியவர். நாற்றுமேடைக்குக் கிடுகு கட்டுவது, புதிதாக நட்ட கன்றுக்கு ஓலைத்துண்டு குத்துவது, மத்தியானத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வருவது எல்லாம் வெயிலுக்காகத்தான். வெயிலைத் தேடி ஓடுகிற தோட்டக்காரனை அவர் கண்டதில்லை.

பாசி எந்த மாதம் பிடிக்கத் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருநாள் பார்த்தபோது வடக்குப் பக்கம் முழுவதும் இளம்பச்சையாக இருந்தது. வெயில் நேராகப் படாத பக்கம் அது. இரவுப் பனி மத்தியானம்வரை காயாது. குழாய்கள் பொலித்தீனைத் தொடும் இடங்களில் பச்சைக் கோடுகள். மண்ணில் புதைந்த ஓரத்தில் பாசி தடிப்பாகச் சேர்ந்து, அதற்கடியில் ஓடில்லா நத்தைகள் குடியிருந்தன. வேலிக்கு அப்பால் ஒரு சிக்கமோர் மரம் நிற்கிறது. அதன் இலைகளில் மொய்க்கிற அசுவுணி கோடை முழுக்கத் தேன்பிசினைச் சொரியும். மரத்தை ஒட்டிய மூலையில் அந்தப் பிசினில் கரும்பூஞ்சணம் பிடித்து, அங்கே மட்டும் கூடாரம் கறுத்துப்போயிருந்தது.

இந்தப் பாசி பொலித்தீனைத் தின்பதில்லை, பயிருக்கு நோய் கொண்டுவருவதுமில்லை. ஒற்றைக் கலத்தால் ஆன உயிர். காற்றில் வந்து விழும். கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் இருந்தால் போதும், வேரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். பொலித்தீன் பழசாகப் பழசாக அதன் வழவழப்புப் போகும், தூசி ஒட்டும், தூசி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதில் பாசி வளரும். சேதம் வேறு விதமாக வருகிறது. பாசியில் இருப்பதும் பயிரில் இருப்பதும் ஒரே பச்சையம். வெளிச்சத்தில் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு பச்சையைக் கழித்துவிடும். கூரையில் குந்தியிருக்கும் பாசி தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள, உள்ளே நிற்கும் கன்றுக்கு அது கழித்துவிட்டதுதான் மிஞ்சும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஐயா. மிளகாயும் கத்தரியும் பெப்ரவரியில் வீட்டு ஜன்னலடியில் முளைக்கப்போட்டு, மார்ச்சில் கூடாரத்துக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அந்த வருடம் கன்றுகள் நூல் நூலாக நெடுத்து, வெளிறி, எல்லாம் தெற்குப் பக்கம் சாய்ந்து நின்றன. நான் பசளை காணாது என்று நினைத்தேன். ஐயா ஒரு தட்டை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "பசளை என்ன செய்யும்? கன்று வெளிச்சத்துக்குப் பறக்குது" என்றார்.

கண்ணாடி வீட்டில் பயிர் செய்கிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: வெளிச்சம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் விளைச்சலும் நூற்றுக்கு ஒன்று குறையும். ஜூன் மாதத்தில் பதினாறு மணித்தியாலப் பகலில் இதை உணரமாட்டோம். மார்ச் தொடக்கத்தில், தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் வருகிறபோது, அழுக்குப் பொலித்தீன் ஒவ்வொரு நாளையும் இன்னும் கொஞ்சம் குறுக்கிவிடும்.

எப்படிக் கழுவுவது என்று கேட்கத் தொடங்கியதும் தோட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருவர் பிளீச் அடிக்கச் சொன்னார். பாசி உடனே போகும், உண்மைதான். ஆனால் குளோரின் பட்டால், வெயிலைத் தாங்கப் பொலித்தீனில் கலந்த மருந்தின் வலு குறைந்துவிடும். வழிகிற தண்ணீரும் நேரே பாத்திக்குள்தான் இறங்கும். இன்னொருவர் காருக்கு அடிக்கிற அமுக்கத் தண்ணீர் மெஷினைச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் கரண்ட் இல்லை. இருந்திருந்தாலும் ஒட்டுப்போட்ட இடங்கள் பிய்ந்திருக்கும். ஐயாவிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. ஊரில் கிணற்றுக்கட்டில் பாசி பிடித்தால் பொச்சால் மணல் போட்டுத் தேய்ப்போம். அவர் தமிழ்க் கடைத் தேங்காயிலிருந்து தும்பை உரித்து உருட்டி எடுத்து வந்தார். ஆனால் கூடாரத்தில் கைவைக்கவில்லை. ஷெட்டுக்குள் கிடந்த வெட்டுத்துண்டுப் பொலித்தீனைப் பலகையில் விரித்து அதில் தேய்த்துப் பார்த்தார். மெல்லிய கீறல்கள் விழுந்தன. கீறலில்தான் அடுத்த பாசி குடியேறும். தும்பை உரக்குவியலில் எறிந்துவிட்டார்.

வழி சொன்னவர் பக்கத்துத் துண்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பழைய கட்டில்விரிப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கூடாரத்தின்மேல் எறிந்து, இருவர் இரண்டு பக்கத்தில் நின்று மாறி மாறி இழுப்பதுதான் அவர் முறை. ஏணி வேண்டாம், உச்சிக்குக் கை எட்ட வேண்டியதுமில்லை. எங்கள் விரிப்பு நீளம் காணாது என்று அம்மாவிடம் சொன்னேன். "சேலை காணாதே?" என்றா அம்மா. நாலு முழம் வேட்டி கட்டுகிற ஆம்பிளைகளுக்கு ஆறு யார் சேலை நினைவுக்கு வரவில்லை. தரையிலிருந்து தரைக்குக் கூடாரத்தின் வளைவை அளந்தோம். ஐந்தரை மீற்றர் நூல் சேலை ஏறக்குறைய முழுவதையும் மூடும், மிச்சத்துக்குக் கயிறு. அம்மா அலுமாரியைத் திறந்து நெடுநேரம் நின்று, கரை கிழிந்த ஒன்றை எடுத்துத் தந்தா. "கழுவித் தரவேணும். உதின்ரை முந்தானை இன்னும் நல்லாயிருக்கு."

அடுத்த வருடம் பெப்ரவரி கடைசியில் காற்றில்லாத ஒரு சனிக்கிழமை பார்த்துப் போனோம். காற்று அடித்தால் ஈரச்சேலை பாய்மரமாகிவிடும், வெயில் எறித்தால் சவர்க்காரம் காய்ந்து வரிவரியாகப் படியும் என்று பக்கத்துத் துண்டுக்காரர் சொல்லியிருந்தார். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தோட்டத்தின் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். ஆகவே மழைநீர்ப் பீப்பாத் தண்ணீர்தான். அது கைவிரலை மரக்கப்பண்ணும் என்று வீட்டிலிருந்து தேர்மோசில் சுடுதண்ணீர் கொண்டுபோய் வாளியில் கலந்தோம். பாத்திரம் கழுவுகிற திரவத்தில் கொஞ்சம் விட்டால் போதும். நுரை கூடினால் அலசுவதற்குத் தண்ணீர் போய்விடும்.

சேலையின் ஈர மூலையில் கயிறு நிற்காது, இழுக்க இழுக்க நழுவும். ஐயா அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ஷெட்டிலிருந்து முளைவிட்ட உருளைக்கிழங்கு கொஞ்சம் எடுத்து வந்தார். தலைப்பைக் கூட்டி, நடுவில் ஒரு கிழங்கை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கினார். முடிச்சு அசையவில்லை. கயிற்றின் மறுநுனியில் பாதி தண்ணீர் விட்ட பிளாஸ்டிக் போத்தலைக் கட்டிக் கூரைக்கு மேலால் எறிந்தேன். அது அந்தப் பக்கம் விழுந்து உருள, ஐயா சுற்றிப்போய் எடுத்தார்.

முதலில் வெறுந்தண்ணீரை வாரி ஊற்றி மண்ணையும் தூசியையும் இறக்கினோம். மணல் இருக்க இழுத்தால் துணியே அரமாகும். பிறகு சேலையை ஏற்றி இழுக்கத் தொடங்கினோம். நான் இழுக்க அவர் விட, அவர் இழுக்க நான் விட. ஓரிடத்தில் பத்துப் பதினைந்து இழுவை. பிறகு ஒரு சாண் நகர வேண்டும். பச்சைத் தண்ணீர் கயிற்றோடு வழிந்து என் ஜக்கெற் கைக்குள் முழங்கைவரை இறங்கியது. நான் வடக்குப் பக்கம் நின்றேன். இரண்டு பொலித்தீன் சுவருக்கு அப்பால் ஐயா பச்சைக் கலங்கலில் ஓர் உருவமாகத்தான் தெரிந்தார். இழுக்க இழுக்க முதலில் அவருடைய சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது, பிறகு கை, பிறகு அவர் வாயசைத்து எதையோ எண்ணுவது தெரிந்தது.

கூடாரத்தின் நடுவுக்கு வந்தபோது கயிற்றை இறுக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, இது துலா இறைப்பெல்லே?"

தமிழ்நாட்டில் ஏற்றம் என்பதை நாங்கள் துலா என்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும். ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கும். மிச்ச மாதங்களுக்கு அதைத்தான் கிணற்றிலிருந்து இறைத்து எடுக்க வேண்டும். துலாமேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்துத் தண்ணீரைச் சரிக்க, வாய்க்காலால் ஓடி வருவதைத் தோட்டத்தில் இன்னொருவர் பாத்தி பாத்தியாக மாறிவிடுவார். மண்ணெண்ணெய் மெஷின் வரும்வரை அதுதான் வழி. ஐயா சின்ன வயதில் துலா மிதித்தவர். வாயசைத்து எண்ணியது பட்டைக் கணக்கு.

"அங்கை தண்ணி கீழை கிடந்தது, இறைச்சம். இங்கை வெளிச்சம் மேலை கிடக்கு. அதையும் இறைச்சால்தான் பயிர்" என்றார்.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூடாரத்தைப் பற்றிய அவருடைய வழக்கு அத்தோடு முடிந்தது. வெயில் மலிந்த ஊரில் தண்ணீருக்கு உடம்பை முறித்த மனிதருக்கு, தண்ணீர் மலிந்த ஊரில் வெயிலுக்கு உடம்பை முறிப்பது விளங்காத காரியமல்ல. எது அருந்தலோ அதற்குத்தான் தோட்டக்காரனின் உழைப்புப் போகும். நெடுங்காலமாக அவரிடம் இந்த நாட்டுக் காலநிலையை நான் விளக்கிக்கொண்டிருந்தேன், கயிறு விளக்கிவிட்டது.

உள்பக்கம் தனி வேலை. அங்கே பாசி குறைவு; ஆனால் இரவில் கோர்க்கிற நீர்த்துளிகளில் தூசி படிந்து மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். இதற்கு நீளத் தடியில் கட்டிய மெத்தென்ற துணிதான் சரி. துடைக்கிறவரின் கழுத்தில் ஐஸ்போன்ற சொட்டு விழுந்தபடியே இருக்கும். காற்றோட்டம் இருந்தால் இந்தப் படலம் மெதுவாகத்தான் வரும் என்பதால், இப்போது வெயில் ஏறியதும் ஐயா இரண்டு கதவையும் திறந்து வைத்து, பின்னேரம் சூடு இறங்க முன்னம் சாத்துகிறார். வாசலில் நின்று பேசிய மனிதர் இன்றைக்குக் கூடாரத்துக்குள் கதிரை போட்டிருக்கிறார்.

அந்த மார்ச்சில் கன்றுகள் குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக நின்றன. அதே விதை, அதே மண், அதே தட்டு. சிக்கமோர் பக்கத்துக் கறுப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. மரம் எங்களுடையதல்ல, வெட்டுகிற உரிமையுமில்லை. அந்த மூலையில் வெளிச்சம் அதிகம் கேட்காத வல்லாரையையும் கீரையையும் வைத்துவிட்டோம்.

பேசாமல் புதுப் பொலித்தீன் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்து வருடத்தில் அதுவும் வேண்டிவரும். வெயில் தின்று தின்று அது மொரமொரத்துக் கிழியும். அதற்கு முன்பே, அழுக்கென்று இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. ஓரங்களைத் தோண்டி எடுத்துத் திரும்பப் புதைக்கிற வேலையைவிட அரைநாள் கயிறு இழுப்பது சுகம்.

தோட்டத்தில் இப்போது பல கூடாரங்கள் வந்துவிட்டன. சேலை வேலி தாண்டிப் போகத் தொடங்கியது. பங்களாதேசத்து அக்கா ஒருவர் எங்களுடையதைவிட நல்ல பருத்திச் சேலை வைத்திருந்தும், கயிறும் கிழங்கும் கட்டிய இந்தச் சேலையைத்தான் கேட்டா. சைப்பிரஸ்காரர் ஒருவர் கேட்டார். சேலையைக் கேட்கிறவர்கள் மறுபக்கம் இழுக்க ஐயாவையும் சேர்த்தே கேட்டார்கள். எல்லோருக்கும் பெப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமைதான் வேண்டும். பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்று கோடேறி வழக்காடின ஊரிலிருந்து வந்தவரிடம் இது வந்து சேர்ந்தது. மளிகைக்கடை தந்த தமிழ்க் கலண்டரின் பின்பக்கத்தில் ஐயா பெயர்களை எழுதி, நேரம் போட்டு, ஷெட் கதவில் குத்தி வைத்தார். பக்கத்துத் துண்டுக்காரர் முதலில். அக்கா அடுத்தது. எங்கள் பெயர் கடைசியில் கிடந்தது.

சேலை எங்களுடையது, நாங்கள் ஏன் கடைசி என்று கேட்டேன்.

"கிணத்துக்காரன் கடைசியாத்தான் இறைக்கவேணும். அப்பத்தான் ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்" என்றார்.